தனியாக உலகம் சுற்றுபவர் தூங்கும்போது சுக்கானை யார் பிடிப்பது?

கேள்வி இது: “அபிலாஷ் டோமி 236 நாள் தனியாகப் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றி வந்தார் என்று படித்தேன். ராத்திரி அவர் தூங்கும்போது படகை யார் ஓட்டினார்கள்? நங்கூரம் போட்டு நிறுத்திவிடுவாரா? நடுவில் புயல் வந்தால் என்ன செய்வார்?”

நங்கூரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 36 அடிப் படகில் அறுபது, எண்பது மீட்டர் சங்கிலி இருக்கும், அதற்கு மேல் கொஞ்சம் கயிறு. கடலின் சராசரி ஆழமோ 3,700 மீட்டருக்குப் பக்கத்தில். கரையோரத்தில், வளைகுடாவுக்குள், பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில்தான் நங்கூரத்துக்கு வேலை. நடுக்கடலில் படகை நிறுத்த வழி கிடையாது, நிறுத்த யாரும் ஆசைப்படவும் மாட்டார்கள். ஏனென்றால் இந்தப் படகுகள் ரொம்ப மெதுவானவை. மணிக்கு 5 நாட் என்றால் சுமார் 9 கிலோமீட்டர். சைக்கிளில் போகிறவர் முந்திவிடுவார். ஆனாலும் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடினால் ஒரு நாளைக்கு 120 கடல் மைல் வந்துவிடும், மூன்று வாரத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டிவிடலாம். இரவில் ஓடாவிட்டால் பயணம் இரண்டு மடங்கு நீளும், குடிதண்ணீரும் சாப்பாடும் அதே கணக்கில் கூடும்.

அப்படியானால் சுக்கானைப் பிடிப்பது யார்? மனிதர் யாரும் இல்லை. பயணத்தின் பெரும்பகுதியில் படகு தானாகவே ஓடுகிறது. அதை அப்படி ஓடவிடுவதுதான் நெடுந்தூரப் பாய்மரப் பயணத்தின் முக்கியமான திறமை. துணிச்சல், புயலோடு சண்டை என்று படங்களில் காட்டுவதெல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால்தான் வரும். என்னிடம் கேட்டால், ஒரு மாலுமி எவ்வளவு நேரம் சுக்கானைத் தொடாமல் இருக்க முடிகிறது என்பதை வைத்துத்தான் அவருடைய கைப்பக்குவத்தை அளப்பேன்.

பழைய காலத்தில் இந்தப் பிரச்சினை எழவில்லை, கப்பலில் ஆள் இருந்தார்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்மரக் கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கி, ‘ஃப்ளாரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைக்காரர்களே அதைச் செங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் வழியாக ஓட்டி 1938இல் மாசச்சூசெட்ஸில் இருக்கும் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த மாதிரிக் கப்பலில் தண்டையல், அதாவது கப்பல் தலைவர், இருப்பார், முறை வைத்துச் சுக்கான் பிடிக்க ஆள் இருக்கும். ஒருவர் தூங்கினால் இன்னொருவர் விழித்திருப்பார். தனியாகப் போகிறவனுக்கு அந்த ‘இன்னொருவர்’ இல்லை, அவர் இடத்தில் வேறு எதையாவது வைத்தாக வேண்டும்.

முதன்முதலில் இதைச் செய்து காட்டியவர் ஜோஷுவா ஸ்லோக்கம். கனடாவில் பிறந்த அமெரிக்கக் கப்பல் தலைவர், 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து ‘ஸ்ப்ரே’ என்ற 36 அடி சொச்சம் நீளமுள்ள மரப்படகில் கிளம்பி 1898 ஜூனில் திரும்பினார். தனியாக உலகத்தைச் சுற்றிய முதல் மனிதர் அவர்தான். அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. ஸ்ப்ரேயின் உடல் நீளமாக, அகலமாக, அடிக்கட்டை முழு நீளத்துக்கும் ஓடுவதாக இருந்தது. பாய்களைச் சரியாக வைத்து, சுக்கான் சக்கரத்தைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டால் அது பாட்டுக்கு நேராகப் போகும். ஆஸ்திரேலியாவின் வடமுனைப் பக்கத்திலிருந்து இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கோகோஸ் கீலிங் தீவுகள் வரை 2,700 மைலை 23 நாளில் கடந்தார், அத்தனை நாளில் சுக்கானைப் பிடித்தது மொத்தம் மூன்று மணி நேரம்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் பலர் இதை நம்பவில்லை.

எல்லாப் படகும் ஸ்ப்ரே ஆகிவிடாது, அதனால் கருவி தேவைப்பட்டது. இன்றைக்கு நாம் பார்க்கும் காற்றுச் சுக்கான் கருவிக்கு, அதாவது விண்ட்வேனுக்கு, வழி போட்டவர்களில் முக்கியமானவர் பிளாண்டி ஹேஸ்லர். இரண்டாம் உலகப் போரில் சிறு துடுப்புப் படகுகளில் போர்தோ துறைமுகத்துக்குள் புகுந்து ஜெர்மன் தரப்புக் கப்பல்களுக்கு வெடி வைத்த குழுவின் தலைவர் அவர்தான். 1960இல் பிளைமவுத்திலிருந்து நியூயார்க்குக்குத் தனி ஆள் பந்தயம் ஒன்றை அவர் முயற்சியில்தான் நடத்தினார்கள். கலந்துகொண்டது ஐந்தே பேர். ஃபிரான்சிஸ் சிசெஸ்டர் 40 நாளில் முதலில் வந்தார், ஹேஸ்லர் ‘ஜெஸ்டர்’ என்ற 25 அடிப் படகில் 48 நாளில் இரண்டாவதாக வந்தார். சிசெஸ்டர் தன் கருவிக்கு ‘மிராண்டா’ என்று பெயர் வைத்திருந்தார். இப்படிப் பெயர் வைப்பது இப்போதும் வழக்கம், நானும் வைப்பேன். மாதக்கணக்கில் குறை சொல்லாமல் மழையில் நின்று வேலை செய்யும் ஒன்றைப் ‘பொருள்’ என்று சொல்ல மனசு வராது.

அது வேலை செய்யும் விதத்தை ஒருமுறை புரிந்துகொண்டால் மறக்காது. படகின் பின்பக்கத்தில் ஓர் உலோகச் சட்டம். அதன் மேல் முனையில் மெல்லிய பிளைவுட் தகடு ஒன்று நிற்கும். படகை வேண்டிய கோணத்தில் ஓட்டிவிட்டு, தகட்டின் விளிம்பு காற்றுக்கு நேராக இருக்கும்படி திருப்பி வைத்துவிட வேண்டும். படகு அதே கோணத்தில் போகும்வரை காற்று தகட்டின் இரண்டு பக்கமும் சமமாக வழிந்து போகும், தகடு நிமிர்ந்தே நிற்கும். படகு கொஞ்சம் திசை மாறினால் காற்று ஒரு பக்கத்தில் அடிக்கும், தகடு மறுபக்கம் சாயும். இந்தச் சாய்வுக்குப் பலம் குறைவு, சுக்கானை நேரடியாகத் திருப்ப அது போதாது. இங்கேதான் அந்தப் புத்திசாலித்தனம் இருக்கிறது. தண்ணீருக்குள் செங்குத்தாக ஒரு துடுப்பு தொங்குகிறது. தகடு சாய்ந்தால் இந்தத் துடுப்பு தன் அச்சில் சில டிகிரி திரும்பும், அவ்வளவுதான் தகட்டின் வேலை. ஆனால் படகு ஓடிக்கொண்டிருக்கிறதே, அதனால் திரும்பிய துடுப்பின் மேல் தண்ணீர் வேகமாக மோதி அதை ஊசல் போலப் பக்கவாட்டில் தள்ளும், அந்தத் தள்ளலில் இரண்டு கயிறுகள் இழுபட்டு, கப்பிகள் வழியாகச் சுக்கான் கைப்பிடியை இழுத்து, படகைப் பழைய கோணத்துக்குக் கொண்டுவந்துவிடும். படகு சரியானதும் தகடு நிமிரும், துடுப்பும் நேராகும்.

கவனித்தீர்களா, சக்தி முழுவதும் படகின் ஓட்டத்திலிருந்தே வருகிறது. மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். காற்று பலமாக அடித்தால் படகு வேகமாக ஓடும், துடுப்பின் இழுவையும் கூடும். மனிதக் கை சோர்ந்துபோகும் நேரத்தில்தான் இந்தக் கை பலம் பெறுகிறது. ஏரீஸ், மானிட்டர், விண்ட்பைலட் எல்லாம் இந்த வகை. ஹைட்ரோவேன் கொஞ்சம் வேறு. அதற்குத் தனியாக ஒரு சின்னச் சுக்கானே உண்டு, படகின் சுக்கான் உடைந்தாலும் அதை வைத்துச் சமாளிக்கலாம்.

குறைகளும் உண்டு. இது திசைகாட்டியைப் பார்த்து ஓட்டுவதில்லை, காற்றைப் பார்த்து ஓட்டுகிறது. நீங்கள் தூங்கும்போது காற்று முப்பது டிகிரி திரும்பினால் படகும் முப்பது டிகிரி திரும்பி சமத்தாகப் போய்க்கொண்டிருக்கும். நடுக்கடலில் பரவாயில்லை, கரைக்குப் பக்கத்தில் ஆபத்து. பின்காற்றில் மெதுவாகப் போகும்போதும் திணறும்: 9 நாட் காற்று பின்னாலிருந்து வருகிறது, படகு 5 நாட்டில் ஓடுகிறது என்றால் தகடு உணர்வது 4 நாட் காற்றைத்தான். அட்லாண்டிக்கில் சர்காசம் பாசி வேறு துடுப்பில் கொத்தாகச் சிக்கிக்கொள்ளும், குச்சியால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். திசைகாட்டியை வைத்து ஓட்டும் மின்சார ஆட்டோபைலட் இந்த இடங்களில் உதவும், ஆனால் அது பேட்டரியைத் தின்னும், அதற்குள் உப்புத் தண்ணீர் போனால் கதை முடிந்தது. வசதி இருப்பவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒன்றுதான் கிடைக்கும் என்றால் யோசிக்காமல் விண்ட்வேனை எடுப்பேன், காரணம் அதன் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரிகிறது, ஒரு ஸ்பேனரும் மரத்துண்டும் இருந்தால் பழுது பார்க்கலாம்.

அது உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு உண்மையான உதாரணங்கள் நிறைய. தனியாக, எங்கும் நிற்காமல் உலகத்தைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயம் 1968இல் முதலில் நடந்தபோது ஒன்பது பேர் கிளம்பி, முடித்தது ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவர்தான், 312 நாளில். அவருடைய ‘சுஹைலி’ பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு. ஆஸ்திரேலியாவை நெருங்கும்போதே அவருடைய சுக்கான் கருவி கையை விரித்துவிட்டது. அதற்கப்புறம் பசிபிக், தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் ஹார்ன் முனை, அட்லாண்டிக் என்று மீதித் தூரம் முழுவதையும் பாய்களை மாற்றி மாற்றிச் சமன் செய்தும், முடியாதபோது கையால் பிடித்தும் ஓட்டினார். அவரோடு கிளம்பிய சில படகுகள் சுஹைலியைவிட வேகமானவை, ஆனால் ஊர் வந்து சேர்ந்தது சுஹைலிதான்.

2022இல் கிளம்பிய அதே பெயர்ப் பந்தயத்தைப் பாருங்கள். ஜிபிஎஸ் கிடையாது, சூரியன், நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டண்ட் வைத்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும், பழைய வடிவமைப்புப் படகுகள் மட்டும்தான். 16 பேர் கிளம்பினார்கள், எங்கும் நிற்காமல் முழுமையாக முடித்தது 3 பேர். ரொம்ப நாள் முன்னணியில் இருந்த சைமன் கர்வென் புயலில் கவிழ்ந்தோ பாய்மரம் உடைந்தோ பின்தங்கவில்லை. ஹார்ன் முனைக்கு முன்னால் அவருடைய விண்ட்வேன் உடைந்தது. அதைச் சரிசெய்யச் சிலி நாட்டுக் கரைக்குப் போனார், ஒருமுறை நிறுத்தியதால் வேறு பிரிவுக்குத் தள்ளப்பட்டார், அதனால் இறுதிக் கோட்டை எல்லோருக்கும் முன்னால் தாண்டியும் வெற்றி அவருக்கு இல்லை. தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நொய்ஷேஃபர் வென்றார். நடுவில் சக போட்டியாளர் டாபியோ லெஹ்டினனின் படகு மூழ்கி அந்த மனிதர் உயிர்காப்பு மிதவையில் கிடந்தபோது, கிர்ஸ்டன் தன் வழியை மாற்றிப் போய்க் காப்பாற்றிவிட்டுத்தான் மேலே போனார் என்பதையும் சொல்ல வேண்டும். அபிலாஷ் டோமி இரண்டாவது. அவருக்கும் சுக்கான் கருவிதான் பெரிய தலைவலி. படகுக்குள் இருந்த பலகைகளை அறுத்து மாற்றுப் பாகங்கள் செய்துகொண்டே வந்தார். நம் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் 2017–18இல் ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றியபோதும், திட்டத்தில் இல்லாமல் மொரீசியஸில் நின்றதற்குக் காரணம் சுக்கான் இயக்கத்தில் வந்த கோளாறுதான்.

அதனால்தான் கருவியைவிடப் பாய்களின் சமநிலை முக்கியம் என்று சொல்கிறேன். நிறையப் பேர் விண்ட்வேனை வாங்கி மாட்டிவிட்டு, ‘இது வேலை செய்யவில்லை’ என்று புலம்புவார்கள். பெரிய பாயை முழுதாக விரித்து வைத்திருப்பார்கள், படகு காற்றை நோக்கித் திரும்பத் துடிக்கும், சுக்கானை இரண்டு கையால் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த நிலையில் எந்தக் கருவியும் தோற்றுத்தான் போகும். பெரிய பாயை ஒரு மடிப்புச் சுருக்குங்கள், முன்பாயைக் கொஞ்சம் இறுக்குங்கள், படகின் சாய்வு குறையட்டும். சுக்கான் இரண்டு விரலில் நிற்கிற அளவுக்கு வந்ததும் கருவியிடம் கொடுங்கள். வேகம் அரை நாட் குறையலாம், குறையட்டும்.

சரி, தூக்கம். கரையோரத்திலும் கப்பல் போகும் தடத்திலும் தனியாள் மாலுமிகள் இருபது நிமிடம் இருபது நிமிடமாகத் தூங்குவார்கள். அந்தக் கணக்கு எப்படி வந்தது என்றால், சின்னப் படகிலிருந்து பார்த்தால் ஒரு சரக்குக் கப்பலின் விளக்கு சுமார் பத்து கடல் மைலில் கண்ணுக்குத் தட்டுப்படும். இரண்டும் நேருக்கு நேர் வந்தால் சேர்ந்து 25 நாட் வேகம், மோத இருபத்தைந்து நிமிடம்கூட ஆகாது. அதனால் சத்தமான அலாரம், எழுந்து அடிவானத்தை ஒரு சுற்றுப் பார்ப்பது, மறுபடி படுப்பது. ஏஐஎஸ் வந்த பிறகு நிலைமை நிறைய மாறிவிட்டது. பன்னாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தங்கள் இடத்தையும் வேகத்தையும் ரேடியோவில் அறிவிக்க வேண்டும், நம் கருவி அதைக் கேட்டு, மோதும் கோணத்தில் வந்தால் கத்தி எழுப்பும். மீன்பிடிப் படகுகளுக்கு இது எப்போதும் இருக்காது, மிதக்கும் கண்டெய்னர்களுக்கு நிச்சயம் இருக்காது. கடல் விதிகளோ எல்லா நேரமும் கண்காணிப்பு வேண்டும் என்கின்றன, தனியாகத் தூங்குகிற எவரும் கண்டிப்பாகப் பார்த்தால் அந்த விதிக்கு வெளியேதான் இருக்கிறார். இதை மழுப்பாமல் ஒத்துக்கொண்டுதான் போக வேண்டும். தெற்குப் பெருங்கடலில் ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று சேர்ந்தாற்போல் தூங்குகிறார்கள். கொஞ்ச நாளில் உடம்பே காவல் காக்கப் பழகிவிடும். அலையின் சத்தம் மாறினால், படகின் சாய்வு மாறினால், கண் தானாகத் திறக்கும்.

இருவர் என்றால் மூன்று மணி நேரம் அல்லது நான்கு மணி நேரம் முறை. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் ஒரே படகில் வாழும் இருவர் நாள்கணக்கில் சரியாகப் பேசிக்கொள்ளக்கூட நேரம் இருக்காது, ஒருவர் எழும்போது மற்றவர் படுக்கப் போவார். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து அதே தாரிணியில் இருவராகக் கிளம்பி, ஃப்ரீமேண்டில், லிட்டெல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் வழியாக 2025 மே மாத இறுதியில் திரும்பினார்கள். ஆறு பேர் ஓட்டிய படகு அது. இருவருக்கு 55 அடிப் படகு என்றால் ஒவ்வொரு பாயும் ஒரு முழு ஆளின் உடல் உழைப்பு. நம் ஊர்களில் இதைப் பற்றி இன்னும் நிறையப் பேசியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

படகு தானாக ஓடுகிறது, அப்புறம் பகல் முழுவதும் ஆளுக்கு என்ன வேலை? தேய்மானத்தோடு மல்லுக்கட்டுவதுதான். பாய் ஏற்றும் கயிற்றை நம் கடற்கரைகளில் ஆஞ்சான் என்பார்கள். அது பாய்மர உச்சியில் ஒரு கப்பியின் மேல் போகிறது. படகு ஒரு நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை உருளும், ஒவ்வொரு முறையும் கயிறு அதே இடத்தில் கொஞ்சம் உரசும். ஒரு நாளைக்குப் பல ஆயிரம் முறை. பத்தே நாளில் விரல் தடிமன் கயிறு நாராகிவிடும். பரிகாரம் ரொம்ப எளிது: தினமும் ஒருமுறை ஆஞ்சானை நான்கு விரற்கடை இறக்கியோ ஏற்றியோ கட்டுங்கள், உரசும் இடம் மாறிவிடும். கயிறு கம்பியில் படும் இடத்தில் பழைய ரப்பர் குழாயைக் கீறி மாட்டுங்கள், பாய் கம்பியில் உரசும் இடத்தில் ஒட்டுத்துணி வைத்துத் தையுங்கள். தினமும் காலையில் அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, பின்பக்கம் வரை ஒரு நடை, தளத்தில் ஏதாவது திருகாணியோ பூட்டாணியோ விழுந்து கிடக்கிறதா என்று பார்ப்பது. கிடந்தால் அது மேலே எங்கிருந்தோதான் விழுந்திருக்கிறது, எங்கிருந்து என்று கண்டுபிடிக்காமல் சாப்பிட உட்காரக் கூடாது.

இப்போது புயல். முதல் பதில், அது இருக்கும் இடத்துக்கு அந்த மாதத்தில் போகாமல் இருப்பது. அட்லாண்டிக்கைக் கடக்கிறவர்கள் கேனரி தீவுகளில் நவம்பர் கடைசி வரை காத்திருப்பது சும்மா இல்லை. கரீபியனின் சூறாவளிப் பருவம் ஜூனிலிருந்து நவம்பர் வரை. அப்புறம் ‘வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, பிறகு மேற்கே திரும்பு’ என்ற பழைய மாலுமிகள் வாக்குப்படி இறங்கினால் வடகிழக்கு வணிகக் காற்று பிடித்துக்கொள்ளும், 2,700 கடல் மைல் பின்காற்றிலேயே போய்விடலாம். மலேசியா, தாய்லாந்துப் பக்கமிருந்து இலங்கைக்கு வரும் படகுகளும் ஜனவரி, பிப்ரவரி வாடைக்காற்றில்தான் வருகின்றன. தென்மேற்கிலிருந்து வீசும் சோழகம் எழும் மாதங்களில் அதே வழியில் எதிர்த்து வர நினைப்பது உடம்பையும் படகையும் வீணாக உடைத்துக்கொள்வது. யாழ்ப்பாணத்துக் கடலோடிகளுக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

மீறி மாட்டிக்கொண்டால், பாயைச் சுருக்குவது. ‘சுருக்கலாமா’ என்ற எண்ணம் முதலில் வரும்போதே சுருக்கிவிட வேண்டும், அரை மணி கழித்து அந்த வேலை இரண்டு மடங்கு கடினமாகியிருக்கும். அடுத்தது படகைக் கிடப்பில் போடுவது: முன்பாயைக் காற்று வரும் பக்கமாகவே இழுத்துக் கட்டி, பெரிய பாயை நன்றாகச் சுருக்கி, அணியம் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும்படி சுக்கானைக் கட்டிவிட்டால், பாய் அணியத்தை ஒரு பக்கம் தள்ளும், சுக்கான் மறுபக்கம் திருப்பும், இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு படகு மெல்லப் பக்கவாட்டில் நகரும். ஆட்டம் சட்டென்று பாதியாகக் குறையும். சமைக்கலாம், தூங்கலாம். புயல் இல்லாதபோதும், வெறும் களைப்புக்காகவே இதைச் செய்யலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

அதையும் தாண்டிய கடலில் ஜோர்டன் ட்ரோக் என்ற இழுவைக் கயிறு. அது பிறந்த கதை இது. 1979இல் பிரிட்டனில் நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பி, புயலில் பந்தயக்காரர்கள் 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளைக் கைவிட்டார்கள், அதில் பெரும்பாலானவை பிறகு மிதந்தபடியே கண்டெடுக்கப்பட்டன. படகு மூழ்காதவரை அதைவிட்டு மிதவைக்கு மாறாதே என்ற பாடம் அங்கே ரத்தத்தால் எழுதப்பட்டது. அந்தப் பேரிடரைப் பார்த்துத்தான் டொனால்ட் ஜோர்டன் என்ற அமெரிக்கப் பொறியாளர் நீண்ட கயிற்றில் நூறுக்கும் மேற்பட்ட சின்னத் துணிக் கூம்புகளைக் கோத்துப் பின்னால் இழுபட விடும் முறையை உருவாக்கினார். ஒரே பெரிய குடையாக இருந்தால் அலையில் ஒரு நேரம் தொய்ந்து ஒரு நேரம் வெட்டி இழுக்கும். சின்னச் சின்னதாக இருப்பதால் எந்த அலையிலும் சில கூம்புகளாவது தண்ணீரைப் பிடித்திருக்கும், படகு அலைமுகட்டிலிருந்து உருண்டு விழாமல் பின்பக்கம் காட்டி நிற்கும்.

இதெல்லாம் தெரிந்தும் கடல் அடிக்கும். 2018 செப்டம்பரில் அபிலாஷ் டோமி முதல் தடவை கோல்டன் குளோப் பந்தயத்தில் போனபோது, ‘துரியா’ என்ற சுஹைலியின் மறுவடிவப் படகு தென் இந்தியப் பெருங்கடலில் உருட்டப்பட்டு, பாய்மரங்கள் போய், முதுகெலும்பு காயத்தோடு அசைய முடியாமல் படுக்கையில் கிடந்தார். அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தைச் சேர்ந்த பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள்தான் அவர் படகைத் தேடிக் கண்டுபிடித்தன, மூன்றாம் நாள் ‘ஓசிரிஸ்’ என்ற பிரெஞ்சு ரோந்துக் கப்பல் மீட்டது. நான்கே ஆண்டுகளில் அதே கடலுக்குத் திரும்பிப் போய் 236 நாளில் முடித்திருக்கிறார். நீங்கள் படித்தது அந்த இரண்டாவது பயணம்.

என் பயம் புயல் இல்லை, தவறி விழுவதுதான். எரிக் தபர்லி போன்ற மாபெரும் பிரெஞ்சு மாலுமி 1998இல் ஐரிஷ் கடலில் இரவில் பாய் மாற்றும்போது படகிலிருந்து விழுந்து இறந்தார். இடுப்பு வார் கட்டியிருக்கவில்லை. தனியாகப் போகிறவருக்கு நிலைமை இன்னும் கொடுமை, நாம் இத்தனை நேரம் புகழ்ந்த அந்தத் தானியங்கிப் படகு, ஆள் இல்லை என்று தெரியாமல் அதே கோணத்தில் அழகாகப் போய்விடும். அதனால் தளத்தின் நடுவாக முழு நீளத்துக்கும் ஒரு பட்டைக்கயிறு, உடம்பில் ஹார்னெஸ், இரண்டையும் இணைக்கும் வார், அதுவும் விழுந்தால் தண்ணீரைத் தொடாத அளவுக்குக் குட்டையாக. அமைதியான கடலில்கூட, பட்டப்பகலில்கூட மாட்டிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

தண்ணீருக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் கணக்கு வையுங்கள், இரண்டு தனித்தனித் தொட்டிகளில். ஒன்று கெட்டால் மற்றது இருக்கும். வெங்காயம், உருளைக்கிழங்கு காற்றோட்டமான வலைப்பையில் வாரக்கணக்கில் தாங்கும், கழுவாத முட்டையை அடிக்கடி திருப்பி வைத்தால் குளிர்பெட்டி இல்லாமலே வரும். மீதியைச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொரு பதில் ஆகிவிடும்.

நீங்கள் சென்னையில் இருப்பதாகச் சொன்னதால் ஒன்று. துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் இருக்கிறது, தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் பயிற்சி கொடுக்கிறது. ஒலிம்பிக்குக்குப் போன நேத்ரா குமணன் சென்னை நீரில் வளர்ந்தவர்தான். சின்னப் படகில் ஓரளவு ஓட்டப் பழகியதும் ஒருநாள் மிதமான காற்றில் இதைச் செய்து பாருங்கள்: பாயைச் சரியாக வைத்துவிட்டு, சுக்கான் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். முதலில் மூன்று எண்ணுவதற்குள் திரும்பிவிடும். பாயைக் கொஞ்சம் தளர்த்தி, உடம்பைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, மறுபடி எண்ணுங்கள். இருபது வரை வந்தால் எனக்கு எழுதுங்கள், எந்தப் பாயை எவ்வளவு மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்து.